சுகர் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் 2 மணி நேரம்

வடசென்னையில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி போடத் தொடங்கிய முதல் வருடம் ஊசியை மாடி அறையில் வைத்தோம். கீழே செக்கப் முடித்துக் களைத்துப்போனவர்களில் பாதிப் பேர் மாடி ஏறவே இல்லை. தப்பு எங்களுடையது. ஆகவே உங்கள் ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசியைத் தொடங்குவதாக இருந்தால் முதல் வேலை, செக்கப் நடக்கும் அறையிலேயே ஊசியை வையுங்கள்.

பேசுவதற்கு நல்ல நேரம் சுகர் டெஸ்ட். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு 2 மணி நேரம் பெஞ்சில்தான் இருப்பார்கள். கூட வரும் மாமியாரிடமும் அப்போதே பேசிவிடுங்கள். "ஏற்கெனவே ஊசி போட்டாச்சே, இது எதுக்கு சிஸ்டர்?" என்று போன வாரமும் ஒரு அம்மா கேட்டார். "அது ரணஜன்னிக்கும்மா. இது ஃப்ளூவுக்கு. பிறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் இந்த ஊசி போட முடியாது. இப்ப இவங்களுக்குப் போட்டா குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்கும்" என்றேன். மருமகளின் கை வளையலை அவரே மேலே தள்ளிவிட்டார். டாக்டரும் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூவும் ஏறும். ஊசி வேலை செய்ய 2 வாரம் ஆகும் என்பதால் செப்டம்பருக்குள் அந்த வருடத்து மருந்தை வாங்கிவிடுங்கள். எத்தனையாவது மாதமாக இருந்தாலும் போடலாம். போன பிரசவத்தில் போட்டிருந்தாலும் இந்த முறை மறுபடி போட வேண்டும்.

கொல்லப்பட்ட கிருமியில் செய்த ஊசிதான் வேண்டும். மூக்கில் விடும் உயிருள்ள மருந்து கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். உறைந்துபோனால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால் தள்ளிப்போடலாம். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்தவர்களுக்குப் போடக் கூடாது. குலுக்கி, 0.5 மில்லி, மேல்கைத் தசையில். அப்புறம் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், திடீரென்று கடுமையான அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கை ஓரிரு நாள் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அட்டை. வளைகாப்பு முடிந்ததும் பலர் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள், பிரசவம் வேறு ஆஸ்பத்திரியில் நடக்கும். அங்கே இருக்கும் சிஸ்டருக்குத் தெரிய வேண்டாமா? தேதி, பேட்ச் எண், எந்தக் கை என்பதையெல்லாம் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.