ஊராட்சித் தலைவரா நிக்கப் போறீங்களா? மொதல்ல இபி பில்ல எடுத்துப் பாருங்க

தமிழ்நாட்டுல 27 மாவட்டத்துல 2019 டிசம்பர் எலெக்‌ஷன்ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரில முடிஞ்சு, அதுக்கப்புறம் தனி அலுவலர், அதாவது அரசு போட்ட அதிகாரி, நிர்வாகம் வந்துச்சு. அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு இருக்கறவங்க போஸ்டர் டிசைன் பாக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க.

தண்ணி, குப்பை, தெருவிளக்கு, எல்லா ஊர்லயும் இந்த மூணுதான் தலைவலி, மூணுக்கும் அடில இருக்கறது காசு. எந்தக் காச எதுக்குத் தொடலாம்னு தெரியாம வாக்குறுதி கொடுத்துட்டுத்தான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க. மத்திய அரசோட 15வது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான், அத எடுத்து ரோடு போட முடியாது, மீதி 40லயும் சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. உங்க காலத்துக்கு என்ன ரூல்ஸோ அத பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிக்கங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க.

அப்புறம் இபி பில். போர் மோட்டாரும் தெருவிளக்கும் இழுக்கற கரண்டுக்கே வர்ற காசுல பெரும்பங்கு போயிடும். ஊராட்சி செயலர்கிட்ட ஒரு வருஷ பில்ல வாங்கி ஒவ்வொரு மீட்டர் நம்பருக்கும் எதிர்ல அது எந்த மோட்டார், எத்தன மணி நேரம் ஓடுது, டேங்க் நிரம்பி வழியறப்பவும் ஓடுதான்னு எழுதுங்க, போரடிக்கற வேலைதான் ஆனா மிச்சம் பிடிக்கற எடம் இதுதான். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி கரண்டு செலவ சமாளிக்க முடியாமத்தான் மாத்து வழி தேடுச்சு. 2006ல ஊராட்சி சேமிப்பையும் பேங்க் லோனையும் சேத்து 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காத்தாலை வாங்கி, மிச்ச கரண்ட மின்வாரியத்துக்கே வித்தாங்க. எல்லா ஊரும் காத்தாலை வாங்க முடியாது, ஆனா பேங்க்காரன் நம்பற அளவுக்கு கணக்கு சுத்தமா இருந்துச்சு பாருங்க, அது எல்லா ஊராலயும் முடியும்.

குப்பைக்கு மெஷின் வாங்கறத கடைசில வச்சுக்கங்க. வீட்ல மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு பிரிச்சுக் கொடுத்தத வண்டில ஒண்ணாக் கொட்டறத ஒரு தடவ பாத்தாப் போதும், அந்தத் தெருவுல மறுபடி யாரும் பிரிக்க மாட்டாங்க. அதனால வண்டில தடுப்பு வைங்க, தூய்மைக் காவலருக்கு கிளவுஸும் சம்பளமும் நேரத்துக்குப் போகுதான்னு நீங்களே பாருங்க.

எதுவா இருந்தாலும் கிராம சபைல வச்சு தீர்மானமாக்குங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு இருக்கு. 501லேந்து 3000 பேர் இருக்கற ஊருன்னா 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். "குடிநீர் பிரச்சினை தீர்க்கப்பட வேண்டும்"னு எழுதினா அது தீர்மானமே இல்ல, எந்தத் தெரு, எந்தக் குழாய், எந்த நிதி, எந்த மாசத்துக்குள்ளன்னு எழுதணும். கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி மைக்ல ஒரு தடவ முழுசா வாசிக்கச் சொல்லுங்க, வீட்டுக்குப் போனப்புறம் நோட்டுல புதுசா ரெண்டு வரி சேர்றதெல்லாம் நடக்கும். (பொண்ணுங்களுக்கு 50 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கு, ஜெயிச்சது நீங்கன்னா நாற்காலில நீங்களே உக்காருங்கம்மா, வீட்டுக்காரர் கூட்டத்தோட கீழ உக்காரட்டும்.)

எதிர்ப்பு வரும்தான், முக்கியமா வீட்டு வரி பாக்கியக் கேக்கறப்போ. பாக்கி லிஸ்ட்ல உங்க சொந்தக்காரங்க பேர் இருந்தா அவங்க வீட்லேந்தே வசூல ஆரம்பிங்க.