பூனைக்குப் பால் வச்சு நான் பட்ட பாடு

பாம்பன் கரையில வலைக்குள்ள கத்திக்கிட்டு கிடந்த குட்டிய தூக்கிட்டு வந்தேன், அம்மா பாசத்துல ஒரு கிண்ணம் பால் வச்சாங்க, நான் என் பங்குக்கு கருவாடு, மறுநாளே ஒரே கழிச்சல், வயிறு மட்டும் பலூன் மாதிரி, முதுகெலும்ப தடவி எண்ணலாம். பயந்துபோய் கால்நடை டாக்டர்கிட்ட ஓடினேன். பால நிறுத்துங்க, நிறைய பூனைக்கு அது செரிக்காதுன்னாரு, எடை போட்டு பூச்சி மருந்து குடுத்தாரு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ். கருவாடும் கட், அம்புட்டு உப்பு.

இப்ப சூடை மீன உப்பு மஞ்சள் போடாம அவிச்சு முள்ளெடுத்து வாரத்துல ரெண்டு நாள் (பச்சையா மத்தி, சூடைன்னு போட்டுக்கிட்டே இருந்தா உடம்புல வைட்டமின் பி1 குறைஞ்சிரும்), மத்த நாள் குட்டிகளுக்கான பாக்கெட் தீனிதான். முள்ளெடுக்குறதுக்குள்ள என் விரலையே நக்கித் தீர்த்துரும். கழிச்சல் நின்னுருச்சு, அம்மாதான் இன்னும் அந்தக் கிண்ணத்த எடுத்து வைக்க மனசில்லாம இருக்காங்க.