உயரம் இறக்கிய காருக்கு அகல வீல்: தூக்குக்குண்டு கட்டி அளந்துவிட்டு வாங்குங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில், அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடை. என் ஸ்விஃப்ட்டில் நான்கு பேர். ஏறி இறங்கியதும் பின்பக்கத்தில் 'சர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் கருகும் வாடை. ஓரங்கட்டிப் பார்த்தால், மட்கார்டின் உள்விளிம்பு டயரின் தோள்பட்டையைத் தேங்காய் துருவினாற்போல் துருவியிருந்தது. டயர் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

15 இன்ச் விட்டம், 8 இன்ச் அகலம், ஆஃப்செட் பூஜ்யம் (ஆஃப்செட் என்றால் என்ன என்று நான்காம் படியில் சொல்கிறேன்). ஆழமான கிண்ணம் மாதிரி இருக்கும் அந்த வீலைக் கடையில் பார்த்ததும் மயங்கிவிட்டேன். "எல்லா வண்டிக்கும் ஏறும் தம்பி" என்றார் கடைக்காரர். ஏறியது உண்மைதான். ஓடுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்களாவது அளந்துவிட்டு வாங்குங்கள்.

முதல் படி: பொருந்துமா என்று பார்ப்பது

இதில் மூன்று எண்கள். முதலாவது பி.சி.டி., அதாவது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். ஸ்விஃப்ட்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் 4x100, போலோவுக்கு 5x100. இரண்டாவது நடுத்துளை. ஸ்விஃப்ட்டின் ஹப், அதாவது வீல் போய் உட்காரும் நடுக்குமிழ், 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் 73.1 என்று பெரிய துளையாக இருக்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள். வளையம் இல்லாமல் மாட்டிவிட்டு, 80, 90-இல் ஸ்டீயரிங் நடுங்கும்போது பேலன்சிங்கைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது நட்டு. ஸ்விஃப்ட்டின் மரை 12x1.25, சிட்டியின் மரை 12x1.5; முதல் எண் விட்டம், அடுத்தது புரிகளின் இடைவெளி, இரண்டும் மி.மீ.-இல். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மாற்றி ஏற்றினால் நட்டு ஏறும் ஸ்டட் காலி. நட்டின் அடிப்பகுதி கூம்பா உருண்டையா என்பதும் வீலின் குழியோடு ஒத்துப்போக வேண்டும். கையால் சுற்றும்போது ஸ்விஃப்ட் நட்டு குறைந்தது 10 சுற்றாவது உள்ளே போக வேண்டும். அதற்கும் குறைந்தால் அந்த வீலோ, வீலை வெளியே தள்ள இடையில் வைக்கும் ஸ்பேசர் தட்டோ வேண்டாம்.

இரண்டாம் படி: முதலில் வண்டியை இறக்குங்கள்

வீல் வாங்கிவிட்டு அப்புறம் ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. கணக்கு முழுதும் தலைகீழாகிவிடும். வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங்கோ, உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற காயில்ஓவரோ போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, உட்காரட்டும். காசை மிச்சம் பிடிக்க இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம். பள்ளத்தில் விழுந்து எழும்போது வெட்டிய ஸ்பிரிங் இடம் விட்டு நகரும்.

மூன்றாம் படி: அளவு

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மட்கார்டின் வெளி விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் இப்போதைய ரிம்மின் விளிம்புக்கும் எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்துக் குறியுங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக. இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. என் வண்டியில் 3 மி.மீ. வித்தியாசம்.

உள்பக்கத்துக்கு அம்மாவிடம் கொஞ்சம் சப்பாத்தி மாவு கேளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ஷாக்அப்சார்பரில் டயருக்கு நேரான இடத்தில் ஓர் உருண்டையை ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் உள்ளே இருக்கும் இடைவெளி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம்.

நான்காம் படி: கணக்கு

ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். உங்கள் பழைய ரிம் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 40 என்று வைத்துக்கொள்வோம். புதியது 7 இன்ச், 35. அகலம் 25.4 மி.மீ. கூடுகிறது, அதில் பாதி 12.7. ஆஃப்செட் 5 குறைகிறது. வெளிப்பக்கம் 12.7 + 5 = 17.7 மி.மீ. வெளியே வரும். உள்பக்கம் 12.7 - 5 = 7.7 மி.மீ. ஷாக்அப்சார்பரை நெருங்கும். நூலில் 22 மி.மீ. இருந்தால் மட்கார்டுக்குள் 4 மி.மீ. மிஞ்சும். மாவில் 13 மி.மீ. இருந்தால் உள்ளே 5 மிஞ்சும். அதற்குக் கீழே போகாதீர்கள்.

இப்போது என் 8 இன்ச், ஆஃப்செட் பூஜ்யத்துக்கு அதே கணக்கைப் போட்டால்: 25.4 + 40 = 65.4 மி.மீ. வெளியே! ஆறரை சென்டிமீட்டர். இரண்டு நிமிடக் கணக்கு, போடாமல் விட்டேன். வீல் இப்படித் துருத்தி நின்றால் பேரிங்குக்கும் சுமை, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கும் இழுக்கும்.

ஐந்தாம் படி: டயர்

185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச். அந்த டயரின் உயரம் 621.5 மி.மீ. 195/60 போட்டால் 615, வித்தியாசம் ஒரு சதவீதம்தான். 195/55 போட்டால் 595.5, நான்கு சதவீதத்துக்கு மேல் குறைவு. வேகமுள் 80 காட்டும்போது நீங்கள் போவது 77-க்கும் கீழே. தரை இடைவெளியும் 13 மி.மீ. போகும். ஸ்விஃப்ட்டுக்குக் கம்பெனி கொடுத்தது 163. ஸ்பிரிங்கில் 40 இறக்கி, டயரில் 13 போனால் மிச்சம் 110. விதிமுறைப்படி கட்டிய வேகத்தடையே 100 மி.மீ. உயரம். நம் ஊர்த் தெருக்களில் அவரவர் கட்டிவைத்திருப்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

195/55, 195/60 இரண்டுக்கும் ரிம் அகலம் 5.5 முதல் 7 இன்ச் வரைதான். 8 இன்ச்சில் இழுத்து மாட்டினால் படத்துக்கு அழகு, பள்ளத்தில் காற்று இறங்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 85 என்றால் 515.

ஆறாம் படி: ஒத்திகை

முழுப் பணம் கொடுக்குமுன் ஒரு சக்கரத்தை முன்னால், ஒன்றைப் பின்னால் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம் என்பேன். நான்கு பேரை உட்காரவைத்து, மாட்டிய முன்சக்கரத்தை இரண்டு மரப்பலகை மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். பின்சக்கரத்தையும் அப்படி ஏற்றிப் பாருங்கள்.

எனக்கு அலைன்மென்ட் செய்யும் அண்ணன் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டார். "பின்னாடி யாரு தம்பி ஏறுவா?"

"ஃப்ரெண்ட்ஸ்தான்ணே."

"அப்ப அவங்கள வச்சுல்ல பாக்கணும்?"

காரணம் இருக்கிறது. வண்டியை இறக்கும்போது முன்சக்கரத்தின் தலை லேசாக உள்ளே சாயும், அது மட்கார்டிலிருந்து தப்பிக்க உதவும். ஸ்விஃப்ட்டின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. அது சாயாது, நேராக மேலே ஏறும். ஆட்கள் ஏறினால் முதலில் உரசுவது பின்பக்கம்தான்.

லேசாக மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் மட்டும் பட்டால் ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்திவிடலாம். மட்கார்டு விளிம்பை மடிப்பது கடைசி வழி. பெயிண்டைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மடிக்க வேண்டும். மடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், நம் கடற்காற்றுக்கு அது போதும். அன்றே பிரைமரும் சீலரும் அடிக்காவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் துரு கொப்புளித்து நிற்கும்.

ஏழாம் படி: முறுக்குவது

நட்டுகளை எதிரெதிராக, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஏர் கன்னால் 'டர்ர்' என்று அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். அடுத்து வீல் அலைன்மென்ட். டோ, அதாவது சக்கரங்கள் முன்னோக்கிப் பார்க்கும் கோணம், தவறினால் புது டயரின் உள்விளிம்பு கொஞ்ச நாளில் மொட்டையாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் அதே சட்டம்தான். மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர் தூரத்திலிருந்தே கண்ணில் படும், பின்னால் வருகிறவர் கண்ணாடியில் கல்லும் அடிக்கும். மாற்றத்தை இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் கடலூர் வரை ஒரு நடை, நிதானமாக, ஆள் ஏற்றி. மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கும் நேரத்தில் நான்கு டயரின் தோள்பட்டையையும் விரலால் தடவிப் பாருங்கள், பளபளப்பான கோடு இருந்தால் எங்கோ உரசுகிறது. போய்வந்தால் ஏறக்குறைய 50 கி.மீ. ஆகியிருக்கும். வீல் ஆறியதும் டார்க் ரெஞ்சை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் 16-இல் இரண்டு இளகியிருந்தன.