வானத்துச் சோடியத்தை எண்ணுவோம்: லைடார் கணக்கு, முதல் பாடம்

குசினியில் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, ஆனையிறவு உப்புத் தூளைச் சிட்டிகை தூவிப் பாருங்கள். நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாகும். அதுதான் சோடியம் அணுவின் நிறம், 589 நானோமீற்றர்.

தலைக்கு மேலே 80 முதல் 105 கிலோமீற்றர் உயரத்திலும் அதே அணுக்கள் மெல்லிய படலமாக உள்ளன. எரிந்துபோகும் விண்துகள்கள் விட்டுச்செல்பவை அவை. அதே நிற லேசரை மேலே விட்டால் அவை ஒளியை விழுங்கித் திரும்ப உமிழும். தொலைநோக்கியில் வந்து விழும் அந்த ஒளித்துகள்களை எண்ணுவதுதான் லைடார். திருப்பதிக்குப் பக்கத்தில், கடங்கியில் இப்படியொன்று இருக்கிறது.

வீட்டு மாடியில் லேசர் வைக்கும் யோசனை வேண்டாம். பலாலிக்கு வரும் விமானியின் கண் பிழைக்கட்டும். நாம் எக்செலில் கணக்கை மட்டும் பழகுவோம். கீழே வரும் எண்ணிக்கைகள் பழகுவதற்காக நானே வைத்தவை.

படி 1: நேரத்தை உயரமாக்குங்கள். ஒளி போய்வருவதால் பாதித்தூரமே உயரம். 600 மைக்ரோசெக்கன் என்றால் 90 கிலோமீற்றர். ஒரு மைக்ரோசெக்கன் கட்டம் 150 மீற்றர்.

படி 2: பின்னணியைக் கழியுங்கள். நிலவொளி, தெருவிளக்கு எல்லாம் சேர்ந்தே பதிவாகும். 130 கிலோமீற்றருக்கு மேல் கிடைக்கும் சராசரியைப் பின்னணியாக எடுங்கள். 90 கிலோமீற்றரில் 830, பின்னணி 30 என்றால் மிச்சம் 800. 30 கிலோமீற்றரில் 1030 என்றால் மிச்சம் 1000.

படி 3: உயரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். தூரம் கூடக்கூட ஒளி மங்குவதை இது ஈடுசெய்யும். வரிசை மாறக்கூடாது! நான் முதல் தடவை கழிக்காமல் பெருக்கிவிட்டேன். பின்னணியும் சேர்ந்து வீங்க, 140 கிலோமீற்றரில் புதுப்படலம் கண்டுபிடித்ததாக ஒரு இரவு முழுக்கத் துள்ளினேன்.

படி 4: 30 கிலோமீற்றரோடு ஒப்பிடுங்கள். அங்கே காற்று மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன, அவற்றின் அடர்த்தி நமக்குத் தெரியும். நம் கணக்கில் மிச்சங்களின் விகிதம் 800/1000, அதாவது 0.8; உயரங்களின் விகிதம் 3, அதன் வர்க்கம் 9. 0.8 பெருக்கல் 9, அதாவது 7.2. இதைச் சிதறல் விகிதத்தாலும் (ஒரு காற்று மூலக்கூறு சிதறடிக்கும் அளவை ஒரு சோடியம் அணு சிதறடிக்கும் அளவால் வகுத்தது) 30 கிலோமீற்றரில் உள்ள காற்றின் அடர்த்தியாலும் பெருக்கினால் சோடியம் அடர்த்தி வரும். இரண்டும் சேர்ந்த காரணி லேசர் ஒளியின் அலைநீள அகலத்தைப் பொறுத்தது. 400 என்று வைத்தால், ஒரு கன சென்ரிமீற்றரில் 2880 அணுக்கள். உச்சத்தில் சில ஆயிரம் என்பதுதான் வழக்கம், ஆகவே சரி.

இரும்புக்கு 372, பொட்டாசியத்துக்கு 770 நானோமீற்றர். கணக்கு இதேதான்.

சில இரவுகளில் 95 கிலோமீற்றர் வாக்கில் ஊசிபோல ஒரு முனை எழும். பிழை என்று அழித்துவிடாதீர்கள். முன்பின் நிமிடங்களின் வரைபடங்களையும் பாருங்கள். அங்கும் இருந்தால் அது திடீர்ச் சோடியப் படலம்.