கிராமத்துத் தொலைமருத்துவ மையத்தை நின்றுபோகாமல் நடத்துவது எப்படி?

கிராமத்தில் தொலைமருத்துவ மையம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேமராவைப் பற்றியும் இணைய வேகத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்வேன் நான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தேனி வட்டாரக் கிராமங்களின் கண் மையங்களைத் தொலைதூர வைஃபை வழியே இணைத்தபோது, கருவிகளைத் திரும்பத் திரும்ப முடக்கியது சீரற்ற மின்சாரம்தான்.

மின்னழுத்தம் எகிறும்போது ரூட்டரின் சர்க்யூட் கருகிவிடுகிறது. மெல்ல இறங்கும்போதோ அது அணையாமலும் இயங்காமலும் உறைந்துபோய், மின்சாரம் சீரான பின்பும் யாராவது அணைத்துப் போடும்வரை அப்படியே கிடக்கிறது. ஆகவே ஸ்டெபிலைசர், முறையான எர்த்திங் ஆகியவற்றோடு, ரூட்டருக்கு மின்சாரம் தரும் பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரூட்டரைத் துண்டித்து, உயர்ந்ததும் தானே சேர்க்கும் கட்-ஆஃப் கருவி ஒன்றையும் பொருத்துங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 10.5 வோல்டுக்குக் கீழே வடிந்தால் அதன் ஆயுளும் குறையும் என்பதால், இந்தச் சிறு செலவு பேட்டரியையும் காக்கும். புது பேட்டரிக்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள். திறப்பு விழாவுக்கு வரும் நன்கொடையாளர் பேட்டரி மாற்ற வருவது அபூர்வம்.

எல்லாப் பழுதுக்கும் நகரத்திலிருந்து பொறியாளர் வரவேண்டும் என்றால், மையம் பாதி நாள் பூட்டியே கிடக்கும். எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், எந்தக் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும், பழுதைத் தொலைபேசியில் எப்படி விவரிக்க வேண்டும் என்பவற்றை மையத்தில் தினமும் இருக்கும் இருவருக்காவது கற்றுக்கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால், அவர் வேலை மாறும் நாளில் அந்த அறிவும் போய்விடும். எல்லா அமைப்புகளும் ஏற்றப்பட்ட மாற்று ரூட்டர் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும்.

மென்பொருளைச் சொந்தமாக எழுதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதியவர் போனபின் அதைப் பராமரிக்க ஆள் கிடைக்காது. இந்தியாவின் அரசு சுகாதார நிலையங்களுக்கு 2019 முதல் மத்திய அரசின் தொலைமருத்துவ மென்பொருளான இ-சஞ்சீவனி இருக்கிறது.

வருமானமும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட வேண்டும். அரவிந்தின் கண் மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதித்தபின் மருத்துவர் காணொளியில் நோயாளியுடன் பேசுகிறார். சிறு கட்டணமும் கண்ணாடி விற்பனையும் மையத்தின் செலவைத் தாங்க உதவுகின்றன. அதே இடத்தில் மருந்தோ கண்ணாடியோ கிடைக்காவிட்டால், ஆலோசனை பெற்றவர் எப்படியும் பேருந்து ஏறி நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். அடுத்த முறை நேராக அங்கேயே போய்விடுவார். மருத்துவருக்கும், ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இன்ன நேரம் திரைக்குமுன் இருக்க வேண்டும் என்று பணி அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.