கரண்ட் வைக்கும்போது வாய்க்கு வீட்டு வைத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாய், நாக்கு, தொண்டையில் கட்டி வந்து கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் வராந்தா பெஞ்சில் காத்திருக்கும்போது நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். நான்காவது வாரத்தில் இருப்பவர் நேற்றுச் சேர்ந்தவருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுப்பார். தான் செய்து அவதிப்பட்டதைக்கூட, “எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கும்” என்று கைமாற்றிவிடுவார். அடுத்த வாரம் அந்தப் புதியவரும் அதே புண்ணோடு வந்து நிற்பார்.

பீடி, ஹான்ஸ், சாராயம், மிளகாய் ஆகாது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நம்பிச் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறேழு வாரம், 30 முதல் 35 தடவை கரண்ட் வைப்பார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் வாய் சிவந்து எரியத் தொடங்கும். மூன்றாவது வாரத்தில் புண்ணாகும். கரண்ட் முடிகிற சமயமும், முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரமும்தான் உச்சம். அப்புறம் மெல்ல ஆறும். வீட்டில் இதை ‘உடம்புச் சூடு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண வாய்ப்புண் நான்கு நாள் மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் அடங்கலாம். இது வேறு. வாயின் உள்தோல் சீக்கிரம் உதிர்ந்து சீக்கிரம் வளர்கிற தோல்; அந்த வளர்ச்சியைக் கதிர் தடுத்துவிடுகிறது. தினமும் கதிர் விழுந்துகொண்டிருக்கும்போது எந்தப் பச்சிலையும் அந்தப் புண்ணை முழுசாக ஆற்றாது. வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்து, எரிச்சலைக் குறைத்து, மிச்சமிருக்கும் கரண்ட்டை முடிக்க உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள். உதவினால் அது நல்ல வைத்தியம்.

கிராம்புத் தைலம்

மரத்துப்போகும் என்று வைக்கிறார்கள். திறந்த புண்ணில் தைலம் பட்டால் வெந்துபோகும். சமீபத்தில் ஒரு அம்மா பஞ்சில் நனைத்துக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வந்தார். பஞ்சை நான் எடுத்தபோது அது இருந்த அளவுக்குத் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது.

படிகாரம்

வேண்டாம். இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும்.

ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர்

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும், முக்கியமாகச் சாப்பிட்ட பிறகும் தூங்கப்போகும் முன்பும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இதைவிட மலிவான, நல்ல வீட்டு வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரை வாங்கி வந்துவிடுகிறார்கள். அதில் புளிப்பு உப்பும் சேர்ந்திருக்கும். ஆப்ப சோடா, அதாவது சோடா உப்பு என்று கேட்டு வாங்குங்கள். சிலர் சீக்கிரம் ஆறட்டும் என்று உப்பை அள்ளிப் போடுகிறார்கள், எரிச்சல்தான் கூடும்.

புண் ஆறட்டும் என்று கரண்ட்டை நிறுத்துவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாக்குப் புற்றுநோய்க்கு வந்த ஒரு விவசாயி. நான்காவது வாரம் வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும், இருந்தாலும் வருவார். ஊரில் யாரோ, “முதலில் வாயைச் சரிபண்ணுங்கள், கரண்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். பச்சிலை அரைத்துத் தரும் ஒருவரிடம் அழைத்துப் போய்விட்டார். நாங்கள் போன் போட்டபோதெல்லாம், “இன்னும் நாலு நாளில் வந்துவிடுகிறோம் சிஸ்டர்” என்றார். பதினைந்து நாள் தாண்டித்தான் வந்தார்கள். பெரியவர் வாயைத் திறந்து காட்டினார், சந்தோஷமாக. புண் நன்றாகவே ஆறியிருந்தது. கழுத்தில், கரைந்துகொண்டிருந்த நெறிக்கட்டி மறுபடியும் கைக்குத் தட்டுப்பட்டது.

அந்த யோசனையைச் சொன்னவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதே யோசனையை வேறு வேறு வாயிலிருந்து இன்றைக்கும் கேட்கிறேன்.

கரண்ட்டை நிறுத்தினால் வாய்ப்புண் ஆறும், அது உண்மைதான். அதனால்தான் பச்சிலைக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில் நல்ல தோல் மட்டும் தேறுவதில்லை, கட்டியும் தேறிவிடுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய நான்காவது வாரத்துக்குப் பிறகு, சாகாமல் மிஞ்சிய புற்றுச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். புண் தாங்க முடியாமல் போவதும் அதே நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான். நிறுத்தவே கூடாத நேரத்தில்தான் நிறுத்தத் தோன்றும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதமோ சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது என்பது பல ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. இரண்டு வாரம் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்தில் வைக்கும் வலை மாஸ்க் முதல் நாள் முகத்துக்கு அச்செடுத்துச் செய்தது. அந்தப் பெரியவர் இளைத்துப் போயிருந்ததால் மாஸ்க்குக்குள் அவர் தாடை ஆடியது. இடம் நகர்ந்தால் கதிர் கட்டியில் சரியாக விழாது. அதனால் திரும்ப ஸ்கேன், புது மாஸ்க், புதுத் திட்டம். அதில் இன்னும் சில நாள் போனது.

பொங்கல் விடுமுறை வந்தால், மெஷின் பழுதானால் மருத்துவர்கள் சும்மா விடுவதில்லை. சனிக்கிழமை வரச் சொல்வார்கள், அல்லது ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை வைப்பார்கள். விடுபட்ட நாளை ஈடுகட்ட அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றால் நாமே நாளை விடலாமா?

வலி தாங்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். சாப்பிடுவதற்கு முன் வாயை மரக்கவைக்கும் ஜெல் இருக்கிறது, வலி மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் மார்ஃபினும் இருக்கிறது. மருத்துவர் தரும் அளவில் வலிக்காக மார்ஃபின் எடுப்பவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். விழுங்கவே முடியாதவருக்கு மூக்கு வழியாக டியூப் போடுவோம். டியூப் என்றதும் வீட்டில் அழத் தொடங்கிவிடுகிறார்கள், கடைசிக் கட்டம் என்று நினைத்து. புண் ஆறி, விழுங்க வந்ததும் எடுத்துவிடுகிற டியூப் அது. அதைப் போட்டுக்கொண்டு கரண்ட்டை முடித்தவர்கள் எத்தனையோ பேர் பிறகு வாயால் சாப்பிட்டுக்கொண்டு செக்கப்புக்கு வருகிறார்கள்.

தேனைத் தப்பாகப் பயன்படுத்துவது

தேனுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தலை, கழுத்துக்குக் கரண்ட் வைப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்கத் தேனை முயலலாம் என்று 2020-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதை வெந்நீரில் எலுமிச்சையோடு கலந்து குடிக்கிறார்கள். சூடும் புளிப்பும் சேர்ந்து புண்ணைக் கிளறிவிடும். ஆய்வுகளில் செய்தது வேறு: கரண்ட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு, கால் மணி நேரம் பின்பு, ஆறு மணி நேரம் கழித்து என்று, 20 மில்லி சுத்தத் தேனை வாய் முழுக்கப் படும்படி சுழற்றி மெதுவாக விழுங்குவது. முதல் வாரமே தொடங்க வேண்டும். எரிந்தால் விட்டுவிடலாம். சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் செய்யக் கூடாது. எச்சில் குறைந்த வாயில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகும். அதனால் இராத்திரி தேனை வாயில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டுவது

தயிர்த் திட்டுகள் போல வெள்ளை படிந்து, எரிச்சல் திடீரென்று கூடினால் பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்று. மஞ்சள் தடவிப் பார்ப்பதிலும் துணியால் தேய்ப்பதிலும் நாளைக் கடத்தாதீர்கள். பூஞ்சைக்கு மருந்து கொடுத்தால் சில நாளில் சாப்பிட முடிகிறது. பல் செட் இருந்தால் இராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள்.

வாய் காய்கிறது என்று எலுமிச்சை, வெற்றிலைபாக்கு

எச்சில் சுரப்பிகள் கதிரில் அடிபட்டிருக்கின்றன. புளிப்பு காட்டினால் எச்சில் ஊறும் என்று எலுமிச்சைத் துண்டைச் சப்பினால், கழுவிவிட எச்சில் இல்லாத பல்லை அமிலம் அரித்துவிடும். வெற்றிலையோடு பாக்கும் போட்டுக்கொள்கிறார்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். அந்த வாயிலேயே அதைத் திரும்பப் போடுவதா? தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு மடக்கு குடியுங்கள். இராத்திரி உதட்டிலும் கன்னத்துக்குள்ளும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

எண்ணெய்க் கொப்பளிப்பு

புரையேறுகிறவர்கள் செய்யக் கூடாது. மற்றவர்கள் செய்தாலும் சோடா உப்புத் தண்ணீரை விட்டுவிடக் கூடாது.

கஞ்சித் தண்ணீரிலேயே ஓட்டுவது

மெல்ல முடியவில்லை என்றதும் வடிகஞ்சி, இளநீர், சாத்துக்குடி ஜூஸ் என்று இறங்கிவிடுகிறார்கள். சாத்துக்குடி எரியும், மற்ற இரண்டிலும் சத்து போதாது. வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்க்கும்போது முள் கீழே இறங்கியிருக்கும். கேழ்வரகுக் கஞ்சியில் பால், குழைய வெந்த பாசிப்பருப்பு, மசித்த வேகவைத்த முட்டை, மோரில் ஊறிய இட்லி, ஆறிய பிறகு நெய் விட்ட பொங்கல், எல்லாம் விழுங்க வரும். மணத்தக்காளிக் கீரையை மிளகாய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுங்கள். புண்ணை ஆற்றாவிட்டாலும் தொண்டையில் இதமாக இறங்கும்.

சொல்லாமல் சாப்பிடும் மாத்திரையும் லேகியமும்

‘இயற்கைதானே’ என்று வைட்டமின் மாத்திரை, மூலிகைப் பொடி, லேகியம் எல்லாம் பையில் இருக்கும், கேட்டால்தான் வெளியே வரும். கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்த 540 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. 2005-ல் அதன் முடிவுகள் வந்தன. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டையும் மாத்திரையாக அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு குறைந்திருந்தது. ஆனால் கட்டி அதே இடத்தில் திரும்பி வருவது மாத்திரை சாப்பிட்ட குழுவில் கூடுதலாகத் தென்பட்டது. கீரையிலும் பழத்திலும் கிடைக்கும் அளவுக்குப் பயம் இல்லை. மாத்திரையாக, பொடியாக எதை எடுத்தாலும் டப்பாவோடு கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு பார்க்கலாம் என்று பல்லை விடுவது

ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் கரண்ட் தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். கிராம்பு வைத்துக் காலம் தள்ளிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஊரில் போய்ப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே அழுகலாம். வருஷங்கள் கழித்தும் இந்த ஆபத்து உண்டு. பல் வலித்தால் கரண்ட் வைத்த விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு கதிர் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தப் பல்லில் கை வைக்க வேண்டும்.