லடாக் பிளானில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

மே மாதம் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் லடாக் பிளான்கள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். கோடைக்குக் கோடை குழுக்களை அங்கே அழைத்துப் போகிறவன் என்பதால் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், முகமே தெரியாதவர்கள் என்று எல்லாரும் "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே பிளான்தான். முதல் நாள் காலை டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம், மதியம் சாந்தி ஸ்தூபி. இரண்டாம் நாள் கர்துங் லா (லா என்றால் கணவாய்) ஏறி நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் அங்கிருந்து பாங்காங் ஏரி, கரையில் கூடாரத்தில் தூக்கம். நான்காம் நாள் லே, ஐந்தாம் நாள் ஊர். நாங்கள் எல்லாம் ஆரம்ப காலத்தில் போட்ட அதே பிளான், ஒரு வரி மாறாமல்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் விரிவாகப் பேச வேண்டும்.

மூன்றாம் நாளே பாங்காங்கில் தூங்குவது

லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர்தான், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். அதாவது தமிழ்நாட்டில் நாம் ஏறக்கூடிய எந்த உயரமும் நம் உடம்பை லேவுக்குத் தயார்செய்யாது. அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். அங்கே இன்னும் குறைவு.

இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், விமானத்திலிருந்து இறங்கிய உடனே ஒன்றும் தெரியாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள்தான் தலைகாட்டும். காலையில் இறங்கியவர் மதியம் "எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்று தெம்பாகப் படியேறி சாந்தி ஸ்தூபியில் போட்டோ எடுத்துக்கொள்வார். அன்று ராத்திரிதான் தலை பிளக்கும். நுரையீரலில் நீர் கோக்கிற ஆபத்தான வகை அதைவிட மெதுவானது, இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வருவதுதான் வழக்கம். இப்போது அந்த ஐந்து நாள் பிளானை மறுபடி பாருங்கள். மூன்றாம் இரவு எங்கே தூங்கச் சொல்கிறது? பயணத்திலேயே மிக உயரமான படுக்கையில்.

அதோடு பாங்காங்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்தால் உடம்பு கெட்டால் முதல் மருந்து கீழே இறங்குவது. பாங்காங்கிலிருந்து லேவுக்கு நேர்வழியில் இறங்க வேண்டுமென்றால் முதலில் சாங் லாவை ஏறித் தாண்ட வேண்டும், அது 5,360 மீட்டர். மூச்சு விட முடியாதவரை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போய்த்தான் கீழே இறக்க முடியும். ஷியோக் ஆற்றை ஒட்டி நுப்ராவுக்கு இறங்கும் சாலை இருக்கிறது, ஆனால் அது பல மணி நேர ஓட்டம், ஆற்று நீரும் கற்சரிவும் அடிக்கடி தின்றுவிடுகிற சாலை, இருட்டில் எந்த உள்ளூர் டிரைவரும் விரும்பி எடுக்க மாட்டார்.

ஒரு ஜூலை மாதம், பாங்காங்கில் எங்கள் குழு தங்கியிருந்த கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒருவனுக்கு நுப்ராவிலேயே தலைவலி ஆரம்பித்திருக்கிறது. நண்பர்களின் ட்ரிப் கெட்டுவிடக் கூடாதே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். தினமும் ஜிம் போகிற உடம்பு, அதனால் மற்றவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி அவன் இருமுவது எங்களுக்குக் கேட்டது. சளி இருமல் மாதிரி இல்லை, மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கொரகொரவென்று ஈரச் சத்தம். போய்ப் பார்த்தால் படுக்க முடியாமல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், உதடு நீலம் பாரித்திருக்கிறது, ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு பத்தவில்லை. நண்பர்கள் அவன் கையில் ஒரு ஆக்சிஜன் கேனைக் கொடுத்து, "தூங்குடா, காலைல சரியாகிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் டிரைவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்த நிலையிலேயே ஏற்றி, ஏரியைவிடச் சற்றுத் தாழ்வான தாங்ட்சே ஊருக்கு ஓட்டினார். அங்கே சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். பொழுது விடிந்ததும் சிலிண்டரோடு சாங் லாவைத் தாண்டி லே மருத்துவமனை. பிழைத்துக்கொண்டான். சில நாள் படுக்கை, எல்லாருடைய விமான டிக்கெட்டும் போச்சு, கடைசி நேர டிக்கெட் விலை, பெற்றோர் பதறியடித்துக் கிளம்பி வந்த செலவு. ஒரு நாள் லீவை மிச்சம் பிடிக்கப் போய் இத்தனையும். அந்த பேக்கேஜை விற்றவருக்கு லேவிலிருந்து போன் போட்டபோது அவர் சொன்ன பதில்: "எல்லாருக்கும் இதே பிளான்தான் சார் கொடுக்கறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல." இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்கள்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த வழியும் இல்லை. உடற்பயிற்சி காப்பாற்றாது. வயது குறைவாக இருப்பதும் காப்பாற்றாது, சொல்லப்போனால் தெம்பாக இருக்கிற இளைஞர்கள்தான் முதல் நாளே ஓடியாடி வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

சரி, எப்படிப் போக வேண்டும்? விமானத்தில் இறங்கினால் முதல் நாள் அறையை விட்டு வெளியே போகாதீர்கள். இரண்டாம் நாள் லே கடைத்தெருவில் மெதுவாக நடங்கள், போதும். மூன்றாம் நாள் சிந்து நதி ஓரமாக மேற்கே ஆல்ச்சி பக்கம் போய்வாருங்கள், அது லேவைவிடத் தாழ்வு. அப்புறம் நுப்ரா. கர்துங் லா 5,359 மீட்டர்தான், ஆனால் அதில் கால் மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். தூங்குவது ஹுந்தரில், கிட்டத்தட்ட 3,100 மீட்டரில். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. நுப்ராவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, அதற்குப் பிறகு பாங்காங். எட்டு நாளுக்குக் குறைவாக லீவு கிடைத்தால் பாங்காங்கில் தங்குவதை விட்டுவிடுங்கள், இன்னொரு வருஷம் வரலாம்.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லாரும் கேட்பார்கள். உதவும் மருந்துதான், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம். ஆனால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், முக்கியமாக சல்பா மருந்து ஒவ்வாதவர்கள். அதைப் போட்டுவிட்டதால் மூன்றாம் நாள் பாங்காங் போகலாம் என்று அர்த்தமில்லை.

யாராவது தடுமாறுகிற மாதிரித் தெரிந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியவில்லை என்றால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டில் எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவியில் எண் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட இது நம்பகமான சோதனை, ஏனென்றால் லேவில் நல்லா இருக்கிறவர்களில் பலருக்கே அது 90-க்குக் கீழே காட்டும்.

ஆக்சிஜன் கேனை நம்புவது

சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். டிரைவரிடம் பெரிய சிலிண்டர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

மணாலி வழியாக ஏறுவது

பைக்கில் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். 2020-ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதாங் கணவாயைச் சுற்றாமல் அந்தப் பக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம் என்பதால் இந்தப் பாதை இன்னும் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் மணாலி 2,000 மீட்டர் சொச்சம், அங்கே கிளம்பி அன்று ராத்திரியே சார்ச்சுவில் 4,290 மீட்டரில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். சார்ச்சுவும் பாங்காங் மாதிரியே ஒரு பொறி. தெற்கே போனால் பாராலாச்சா லா, வடக்கே போனால் லாச்சுலுங் லா, எந்தப் பக்கம் தப்பிக்கவும் முதலில் மேலே ஏற வேண்டும்.

ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள். 1,600 மீட்டரில் தொடங்கி, ஜோஜி லாவைத் தாண்டி, கார்கிலில் 2,676 மீட்டரில் ஒரு இரவு. நேரம் இருந்தால் லாமாயுருவில் இன்னொன்று. படிப்படியாக உடம்பு பழகிவிடும். திரும்பும்போது மணாலி வழியாக இறங்குங்கள், அதற்குள் நீங்கள் தயாராகியிருப்பீர்கள், அந்தப் பாதையின் அழகை ரசிக்கவும் தலைவலி இல்லாத தலை இருக்கும்.

ப்ரீபெய்டு சிம்

வெளியூர் ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு.

வெளியூர் வாடகை வண்டி

மணாலியிலோ டெல்லியிலோ வாடகைக்கு எடுத்த பைக்கும் காரும் லே வரைதான். அதை வைத்து நுப்ரா, பாங்காங் சுற்ற உள்ளூர் வண்டிக்காரர்களின் சங்கங்கள் விட மாட்டார்கள். அங்கே சீசன் சில மாதங்கள்தான், அந்த வருமானத்தில்தான் அவர்கள் வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். சண்டை போடாமல் லேவில் வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியைப் பார்த்தால் லடாக் முடிந்தது என்று நினைப்பது

பாங்காங்குக்காக மற்றதையெல்லாம் பிளானிலிருந்து வெட்டுகிறவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆல்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லேவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வெளியிலிருந்து பார்த்தால் பாதாமி மரங்களுக்கு நடுவே தாழ்வான மண் கட்டடங்கள். சும்ட்செக் என்கிற மூன்றடுக்குக் கோயிலுக்குள் குனிந்து நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். மூன்று பக்கமும் மாடத்துக்குள் சுதையால் செய்த மிகப் பெரிய போதிசத்துவர்கள், தலை மேல்தளத்துக்குள் போய்விடும், கீழே நிற்கிறவருக்கு முகம் தெரியாது. டார்ச்சை அவர்களின் வேட்டி மேல் அடித்துப் பாருங்கள். ஒரு வேட்டி முழுக்க அரண்மனைகளும் கோயில்களும் ஆட்களும், இன்னொன்றில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுகூட இருக்காது. காஷ்மீரத்து ஓவிய மரபு. அந்தக் காலத்துக் காஷ்மீரில் இந்த மாதிரி ஓவியங்கள் இன்று மிஞ்சவில்லை, இங்கேதான் இருக்கின்றன. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, அதனால்தானோ என்னவோ யாருடைய பிளானிலும் இது வருவதில்லை.

லீவு அதிகம் இருக்கிறவர்களுக்கு ஹான்லே. பயணத்தின் கடைசியில் மட்டும், ஏனென்றால் அது பாங்காங் அளவுக்கு உயரம். பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கே வானாய்வகம் நடத்துகிறது, நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகமும் அவர்களுடையதுதான். 2022-ல் அந்தப் பகுதியை இருள் வான் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தின் இருளைக் காக்கும் இடமாக, அறிவித்தார்கள். ஊர்க்காரர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள், ஹோம்ஸ்டேயில் தங்கினால் அவர்களே வானத்தைக் காட்டுவார்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், ராத்திரி வண்டியின் முகப்பு விளக்கைப் போடாதீர்கள்.

மர்மோட்டுக்கு பிஸ்கட்

போடாதீர்கள். நீளக் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கிற பிராணி அது, அதற்கான கொழுப்பைப் புல் தின்றுதான் சேர்க்க வேண்டும்.

திரும்பும் நாளை இறுக்கிப் போடுவது

லேவிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும். வெயில் ஏற ஏறக் காற்று பலமாகும், அந்த உயரத்தில் சூடான மெல்லிய காற்றில் விமானத்துக்கு ஏறும் விசையும் குறையும். காலையில் மேகம் அடைத்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள். இது தெரியாமல் அதே மதியம் டெல்லியிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ தனியாக டிக்கெட் போட்டுவிட்டு, லே விமான நிலைய வாசலில் தவித்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். லே விமானம் இறங்குகிற அன்று டெல்லியிலேயே தங்கிவிட்டு, மறுநாள் டிக்கெட் போடுங்கள்.